இரண்டாம் பக்கத்தில் அழுகிற குழந்தை

ஒபலூசஸ், லூசியானா
ஏப்ரல் 20

என் செல்ல மகன் நோலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சுகம். நீயும் டெனிஸும் பேத்தியும் அந்த அலாஸ்கா பனியில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் கிறுக்குகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் நீ என்னைப் பேச விட்டால்தானே, 'சரிம்மா சரிம்மா' என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டுவாய். இது நீ உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், கடைசிவரை படிக்க வேண்டிய விஷயம். முதலில் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மழை போதும் போதும் என்கிற அளவுக்குப் பெய்துவிட்டது, பின்பக்கக் கூரையில் ஒரு தகரம் கிளம்பியிருக்கிறது, ஆள் வருகிறேன் என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது. வயல் தண்ணீரில் பிடிக்கிற கிராஃபிஷ் இறால் இந்த வருஷம் உரித்தால் ஓடுதான் மிச்சம். உன் இனேஸ் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், அதனால் பூசைக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, 'அய்யோ, உனக்கு இவ்ளோ சுருக்கம் எப்ப விழுந்துச்சு?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு யாரும் கண்ணாடி காட்டவில்லை போலிருக்கிறது.

தவக்காலம் முடிந்து ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, வழக்கம்போல் சர்ச் மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடும் ஆட்டமும் இருந்தது. நாற்பது நாள் பாட்டும் ஆட்டமும் இல்லாமல் இருந்த கால்கள், கேட்க வேண்டுமா, சோறும் குழம்பும் இறங்குவதற்குள் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். முந்தின நாள்தான் லெஸ்டர் பப்பியோனோடு நாங்கள் பாடிய பழைய ரெக்கார்டு, 'சனிக்கிழமைச் சட்டை', புதிதாக அச்சடித்த மாதிரித் தட்டு தபாலில் வந்திருந்தது. பழைய ரெக்கார்டுகளை மறுபடி வெளியிடுகிற அந்த ஸ்வீடன் பெண் லின்னேயா அனுப்பியது. போன வருஷம் வந்து என் சமையலறையில் உட்கார்ந்து, அந்த ரெக்கார்டைக் கையில் எடுக்கவே பயந்து வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டாளே, அவள்தான். லெஸ்டர் பாடியதைப் பற்றி எனக்கே தெரியாததெல்லாம் அவள் சொன்னாள். ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரர் சொஸ்தென் வீட்டுக் கொட்டகையில் பழைய டேப்பைத் தோண்டி எடுத்ததும் அவள்தான். அதில் வாசித்தவர்கள் பாடியவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருத்தி, அதனால் வெளியிட என் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடும் முன் கேட்டுப் பாருங்கள் என்று மாதிரியை அனுப்பியிருந்தாள். எனக்குத் தனியாகக் கேட்க மனசில்லை, ஊரே கேட்கட்டும் என்று பெர்னலிடம் கொடுத்தேன், மண்டபத்தில் பாட்டு வைப்பது இப்போது அவன்தான்.

முதல் பக்கம் பிரமாதம் நோலன், பொய் சொல்லக் கூடாது. சாக்ஸபோன் பக்கத்தில் நின்று ஊதுவதுபோல் இருந்தது, உன் அப்பாவின் டிரம் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது, அவர் அவசரப்படுகிற இடம்கூடக் கேட்டது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பிறகு இரண்டாம் பக்கம், இரண்டாவது பாட்டு, 'ஈரச் செருப்பு'. ஜோடி ஜோடியாக எல்லோரும் எழுந்தார்கள். கடைசிச் சரணத்துக்கு முன்னால் வாத்தியமெல்லாம் நின்று, நாங்கள் மூன்று பெண்கள் பின்னால் 'ஊ' என்று இழுத்துப் பிடிக்கிற இடம் வரும் இல்லையா, அங்கே குழந்தை வீரிட்டு அழும், லெஸ்டர் பாட்டை விட்டுவிட்டு மைக்கிலேயே 'உஷ்ஷ், ஷா, உஷ்ஷ்' என்று செல்லம் கொஞ்சிச் சமாதானம் சொல்வார், மண்டபம் முழுக்க ஆடுவதை நிறுத்தி அவரோடு சேர்ந்து சொல்லும். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து இந்த ஊரில் அந்த இடத்தில் அப்படித்தான். அன்றைக்கும் எல்லோரும் நின்றார்கள், விரலை உதட்டில் வைத்தார்கள், 'உஷ்ஷ், ஷா, உஷ்ஷ்' என்றார்கள். ஆனால் குழந்தை அழவில்லை. லெஸ்டரும் சொல்லவில்லை. இருநூறு பேர் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சமாதானம் சொல்லிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிழவன் தெயோஃபில்தான் முதலில் கத்தினான், 'டேய் பெர்னல், குழந்தைய எங்கடா தொலைச்ச?' 'நான் ஒண்ணும் பண்ணல தாத்தா, கழுவித் துடைச்சு அனுப்பியிருக்காங்க'ன்னு அவன். 'கழுவுன தண்ணியோட குழந்தையையும் கொட்டிட்டாங்களா'ன்னு இவன். எல்லோரும் சிரித்தார்கள். இனேஸ் என் முட்டியைப் பிடித்து அழுத்திக்கொண்டாள், அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் லின்னேயாவுக்கு ஃபோன் போட்டேன். பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. 'உங்க மகன்தானேம்மா எழுதியிருந்தார், அது அவரோட அழுகைதான், எடுத்துட்டா அந்த எடத்துல அம்மா குரல் நல்லா கேக்கும், எடுத்துடுங்கன்னு. உங்களுக்கு சந்தோஷமா இருக்கும்னு நெனச்சோம்.' நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினாள். இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன், அதை மறைக்க மாட்டேன். மூன்றாம் நாள் கோபம் போய்விட்டது. அம்மா குரல் கேட்க வேண்டும் என்று நினைத்த பிள்ளையிடம் எப்படிக் கோபப்படுவது? பள்ளிக்கூடத்தில் உன்னை அழுமூஞ்சி என்று கூப்பிட்டார்கள், நீ அதையே பெருமையாக மாற்றிக்கொண்டாய், உன் கல்யாணத்தில் டெனிஸ் வீட்டாரிடம் 'நான் எட்டு மாசத்துலயே ரெக்கார்டுல பாடினவன்' என்று சொல்லிச் சிரிக்க வைத்தாய். உன்னுடையது என்று நினைத்துத்தான் விட்டுக்கொடுத்திருக்கிறாய். ஆனால் அது உன்னுடையது இல்லை மகனே. அந்த ரெக்கார்டு பதிவானது அறுபத்தொன்று ஜூலையில். நீ பிறந்தது அறுபத்து மூன்று மார்ச்சில். அட்டையில் வருஷம் போடவில்லை, நீயும் கணக்குப் பார்க்கவில்லை.

அழுதது உன் அக்கா. பெயர் ஒடீல்.

எழுதிவிட்டேன், இனி முழுவதையும் சொல்லிவிடுகிறேன். சொஸ்தென் கடையின் பின்னறையில்தான் பதிவு, சுவரெல்லாம் போர்வையை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள், ஒரே மைக், பெண்கள் நாங்கள் மூவரும் கதவோரம். தகரக் கூரையில் மழை பெய்தால் நிறுத்தி வைத்துவிட்டு, விட்டதும் தொடங்குவார்கள். ஒடீலை இனேஸிடம் கொடுத்து வெளியே தாழ்வாரத்தில் உட்கார்த்தியிருந்தோம். மழை விட்டதும் கொசு வந்துவிட்டது, இனேஸுக்கு அப்போது பதினெட்டு வயசு, லெஸ்டரைப் பார்க்கவும் ஆசை, கொசுவைச் சாக்கு வைத்துக் குழந்தையோடு உள்ளே நுழைந்துவிட்டாள். இன்றைக்கும் கேட்டால் கொசு என்றுதான் சாதிப்பாள். ஒடீல் என்னைப் பார்த்துவிட்டாள், நான் தூக்கவில்லை என்றதும் வீரிட்டாள். லெஸ்டருக்கும் வீட்டில் கைக்குழந்தை, பழக்க தோஷத்தில் சமாதானம் சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடர்ந்தார். சொஸ்தென் சிரித்துக்கொண்டே, 'இருக்கட்டும் விடுங்க, டேப்பும் தீர்ந்துபோச்சு' என்றார். இன்னொன்றும் கேள். அந்த இடத்தில் என் குரல் நன்றாகக் கேட்கும் என்று எழுதியிருக்கிறாயே, அங்கே என் குரலே கிடையாது. அவள் அழுததும் எனக்குப் பாட்டு வரவில்லை, வாயை மூடிவிட்டேன். நீ வரும்போது மாதிரித் தட்டைக் காது கொடுத்துக் கேள், மூன்று பேர் இழுத்த இடத்தில் இரண்டு பேர்தான் இழுப்பார்கள். அவளை எடுத்துவிட்டால் நான் ஏன் நிறுத்தினேன் என்பதற்கும் காரணம் இல்லாமல் போய்விடும்.

செப்டம்பரில் அவளுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தது. காலையிலேயே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். கறுப்பர்களுக்குப் பின்பக்கம் ஒரு பெஞ்சு, முன்வாசல் வழியாக வந்தவர்கள் எல்லோரும் பார்த்து முடித்துப் போன பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார்கள், அதற்குள் சாயங்காலம். மறுநாள் மத்தியானம் என் மடியில் போய்விட்டாள். பத்து மாசம். ஒரு ஃபோட்டோகூட எடுத்திருக்கவில்லை, பிறந்தநாளுக்கு எடுக்கலாம் என்று இருந்தோம். நவம்பரில் ரெக்கார்டு அச்சாகி வந்தது, அப்போது எங்களிடம் பாட்டுப் பெட்டி கிடையாது, இனேஸ் வீட்டில் போட்டுக் கேட்டோம். சொஸ்தென் விளையாட்டுக்குச் சொன்னார், அச்சடிக்கும்போது அழுகையை வெட்டிவிடுவார் என்றுதான் நாங்கள் மூவரும் நினைத்திருந்தோம். அந்த இடம் வந்ததும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், நான் ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்தேன், இனேஸ் கையைப் பிடித்து நிறுத்தும்வரை.

வருஷா வருஷம் நவம்பர் முதல் தேதி கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போவோமே, உன் பாட்டி கல்லறைக்குப் பக்கத்தில் செங்கல் வைத்த சின்ன மேடு ஒன்று, உன் உயரத்துக்கு அதுதான் சரி என்று அதை உனக்கே விட்டுவிடுவோம். யாருடையது என்று கேட்டாய், சொந்தத்தில் ஒரு பிள்ளை என்றார் அப்பா. அது பாதிதான். மீதிப் பாதியை உன் ஐந்தாவது வயசில் மண்டபத்தில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் 'உஷ்ஷ்' சொல்லி முடித்ததும் நீ சத்தமாகக் கேட்டாய், 'அது யாரு பாப்பா?' தெரிந்தவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். அப்பா உன்னைத் தலைக்குமேல் தூக்கி, 'வேற யாரு, நீதான்டா போக்கிரி, பாட்டக் கெடுத்தவனே!' என்றார். மண்டபமே மூச்சுவிட்டுச் சிரித்தது. வீட்டுக்குப் போகும்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். 'ஆடிக்கிட்டு சந்தோஷமா இருந்தான் ஏர்லீன், அவன் மூஞ்சியப் பாத்து வேற என்ன சொல்லச் சொல்ற?' என்றார். நாளைக்குச் சொல்லலாம், பெரியவனானதும் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே அவரும் போய்விட்டார். ஊரே சேர்ந்து உனக்காக அந்தப் பொய்யைக் காப்பாற்றியது, இந்த ஊர் வாய்க்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். தப்பு என்னுடையது. மன்னித்துவிடு என்று கேட்கிறேன், கேட்க வேண்டியது என் கடமை.

லின்னேயா என்னிடம் கேட்டாள், இத்தனை வருஷம் ஆகியும் இந்த ரெக்கார்டு ஏன் எல்லோருக்கும் பிடிக்கிறது என்று. கிடார் சுருதி சேரவில்லை, லெஸ்டருக்கு அன்றைக்கு ஜலதோஷம், என்ன சொல்வது? கல்யாணமானாலும் ஞானஸ்நானமானாலும் சாவுச் சோறானாலும் இந்த ஊரில் அதைத்தான் வைக்கிறார்கள், தங்கள் வீட்டுக் குழந்தை அழுவதுபோல் நிற்கிறார்கள். என்னைக் கேட்டால், நான் அறுபத்திரண்டு வருஷமாக ஒரு ஆட்டமும் விடாமல் போனது ஆடுவதற்கு இல்லை. என் குழந்தை அழும்போது ஊரே நின்று அவளைச் சமாதானம் செய்யும், அதைப் பார்க்கத்தான். என் தட்டு தேய்ந்து அந்த இடத்தில் எண்ணெய்ச் சட்டிபோல் பொரிகிறது, ஊரில் மிச்சமிருக்கிற நாலைந்தும் அதே கதி. இனி எல்லோர் ஃபோனிலும் போய் உட்காரப்போவது புதியதுதான். அதில் அவள் இல்லையென்றால் எங்கேயும் இல்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. நீ லின்னேயாவைக் கூப்பிட்டு, உன் வாயாலேயே, இருந்தது இருந்தபடி இருக்கட்டும் என்று சொல். வெறும் அம்மா சொன்னாள் என்று சொல்லாதே, அக்கா என்று சொல்.

உன்னிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியும். பதிலுக்கு இதை வைத்துக்கொள், இது பொய் இல்லை. நீ பிறந்தபோது சரியான அழுகுணி, எடுத்தாலும் அழுவாய், படுக்கப் போட்டாலும் அழுவாய். உன்னை மடியில் போட்டுக்கொண்டு நான் அந்தப் பக்கத்தைச் சுழல விடுவேன். அவள் அழுகிற இடம் வந்ததும் நீ சட்டென்று நிறுத்திவிடுவாய். லெஸ்டர் சொல்லி முடித்த பிறகும் தலையைத் திருப்பித் திருப்பி அறை முழுக்க அவளைத் தேடுவாய்.

கூம்போக் குழம்புக்குப் போடுகிற ஃபிலே பொடி ஒரு டப்பா தனியாக அனுப்பியிருக்கிறேன், அதைக் கொதிக்கும்போது போடாதே, இறக்கிய பிறகு போடு, டெனிஸிடமும் சொல். ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே. நவம்பர் முதல் தேதிக்கு லீவு எடுத்துக்கொண்டு வா, சுண்ணாம்பு வாங்கி வைக்கிறேன். ஆண்டவர் உன் வீட்டின்மேல் கை வைத்துக் காக்கட்டும், உன் பிள்ளையின் வழியில் வெளிச்சம் இருக்கட்டும்.

ஒடீலுக்கும் உனக்கும் அம்மா,
ஏர்லீன் ஒசென்