மைக்கைத் திறந்து வைத்தவளுக்கு

இன்று ஞாயிற்றுக்கிழமை. கறிக் குழம்பு அடுப்பில் கொதிக்கிறது. கூடத்தில் என் மகள் தன் போனில் ஒரு சண்டை விளையாட்டை இறக்கி முடித்துவிட்டாள். யாராக ஆட வேண்டும் என்று கேட்டபடி திரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நின்றார்கள். அந்தப் பெண்ணின் காலைப் பார்த்தேன். ஹீல்ஸ் வைத்த பூட்ஸ். உடனே நீ நினைவுக்கு வந்துவிட்டாய், கூடவே பயமும்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்துத் தையல் மெஷின். ஊர் திரும்பும் கம்பெனி பஸ்ஸில்தான் நம் ஆட்டமெல்லாம். ஆளுக்கொரு போன், ஒரே டீம், உன் இயர்போனில் ஒன்று என் காதில். முதன்முதலில் ஆட்டத்தில் இதே மாதிரி ஒரு பெண்ணைப் பார்த்தபோது நீ துப்பாக்கியைப் பார்க்கவில்லை, இறுக்கிப் பிடித்த சட்டையையும் பார்க்கவில்லை. "இன்னாடி இது, ஹீல்ஸ் போட்டுகினு மலை ஏறுறா? இத வரைஞ்சவன் ஒரு நாளாச்சும் போட்டு ஓடிப் பாத்திருப்பானா?" என்றாய். பக்கத்தில் நின்ற ஆணுக்குத் தட்டையான பூட்ஸ், உடம்பை மூடும் கவசம். அப்படியும் நீ அவளைத்தான் எடுத்தாய். நான் அவனை எடுத்து, மைக்கை மூடி, ஊமையாக ஆடினேன்.

உன் குரல் கேட்டதும், எங்கிருந்தோ நம் டீமில் சேரும் முகம் தெரியாத பையன்களுக்கு ஆட்டம் மறந்துவிடும். "பொண்ணா? போய் சோறு ஆக்கு" என்றான் ஒருவன். "ஆக்கி வெச்சுட்டு தாண்டா வந்தேன். பின்னாடி ஒருத்தன் வர்றான் பாரு" என்றாய். அவன் திரும்புவதற்குள் செத்தான். பஸ்ஸே சிரித்தது.

ஒருநாள் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே கிளீனர், "விரிஞ்சிபுரம் எறங்கறவங்க வாங்க" என்று கத்தினார். அதுவும் உன் மைக்கில் போய்விட்டது. காதுக்குள் ஓர் ஆண்குரல் மெதுவாகச் சொன்னது: "விரிஞ்சிபுரமா? நமக்குப் பக்கம் தான். நாளைக்கு ஸ்டாப்புல பாக்கறேன்." நீ சட்டென்று போனை அணைத்தாய்.

மறுநாள் ஸ்டாப்பில் ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பைக்கில் உட்கார்ந்திருந்தான். அவன்தானா, வேறு யாருக்காவது காத்திருந்தானா, இன்று வரை தெரியாது. நம்மைப் பார்த்தான், பேசவில்லை. நாம் கோயில் மதிலோரமாகச் சுற்றி நடந்தோம். என் கையை நீ விடவே இல்லை. "பேசாம ஆம்பளய எடுத்துக்கோடி, மைக்க மூடிடு" என்று கெஞ்சினேன்.

"பயமா தான் இருக்குது. அதுக்காக விளையாட்டுல கூட நான் மீச வெச்சிக்கணுமா?" என்றாய்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் பெண்ணாகவே ஆடினாய், பேசினாய். ஸ்டாப் நெருங்கும்போது மட்டும் மைக்கை விரலால் பொத்திக்கொள்வாய். அதைப் பார்க்க எனக்கு அழுகை வரும். மற்றவர்கள் உன்னைத் தைரியசாலி என்றார்கள். நீ பயந்துகொண்டே ஆடியது எனக்குத் தெரியும்.

போன மழைக்கு வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு நான் எந்த ஆட்டத்தையும் தொடவில்லை.

மகள் திரையில் பெண்ணைத் தொட்டாள். "பையன எடுத்துக்கம்மா" என்றேன். "ஏம்மா? நான் பொண்ணு தான?" என்றாள். அவளை மிரட்டாமல் இதை எப்படிச் சொல்வது? பேர், ஊர், ஸ்கூல் எதையும் யாரிடமும் சொல்லாதே என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு தடித்த குரல் கேட்டது. "ஏய், நெஜமாவே பொண்ணா? எந்த ஊரு?" கரண்டியும் கையுமாக நின்றுவிட்டேன். தெருவில் ஒரு பைக் சத்தம். ஜன்னலுக்கு ஓடினேன். தண்ணீர் கேன் போடுகிறவர்.

"ஊரெல்லாம் சொல்ல மாட்டேண்ணா. உன் முன்னாடி ஆள் நிக்குது, சுடு" என்றாள் மகள்.

ஆட்டம் முடிந்ததும் என் போனிலும் அதை இறக்கி நீட்டினாள். "நீயும் வாம்மா. உனக்கு யாரு வேணும்?"

நீ போன பிறகு உன் தைரியத்தில் கொஞ்சமாவது எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. உன் பயம்தான் வந்து என்னுடையதோடு சேர்ந்துகொண்டது. அதை வைத்துக்கொண்டே, முதல் முறையாக, அந்தப் பெண்ணைத் தொட்டேன். மைக்கை இன்னும் திறக்கவில்லை.