மர்பி டவுன் வியாழக்கிழமைகள்

ஜூலை 8, 2025, செவ்வாய்

டாக்டர் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. குடியை விடுகிறவர்களின் மீட்டிங் எந்த மொழியில் வேண்டும் என்று மட்டும் கேட்டார். கட்டணம் கிடையாதாம். சும்மா கொடுப்பவர்களை நான் நம்புவதில்லை. மதம் மாற்றவா, மாத்திரை விற்கவா?

வைட்ஃபீல்டில் இங்கிலீஷ் மீட்டிங் இருக்கிறது. வேண்டவே வேண்டாம், பாதி ஆபீஸ் அங்கேதான் குடியிருக்கிறது. டீம் லீட் பதவிக்கு என் பெயர் போயிருக்கும் நேரம். மர்பி டவுன் தமிழ் மீட்டிங்குக்கு வருகிறேன் என்றேன். அங்கே என்னை யாருக்குத் தெரியும்?

ஜூலை 10, வியாழன்

தெரிந்திருக்கிறது.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு அறை, பதினோரு பேர். நடத்துபவர் பெயர் டிரேவர். ஒவ்வொருவரும் எழுந்து பெயரையும், குடிக்காமல் இருந்த நாளையும் சொல்கிறார்கள், மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, "என் பேரு சம்பூர்ணம். நாலு வருஷம்" என்றார். எங்கள் ஆபீஸ் நாலாவது மாடி ஹவுஸ்கீப்பிங்! தினமும் என் மேஜையைத் துடைப்பவர்.

எனக்கு இன்றுதான் முதல் நாள். கைதட்டினார்கள். முடிந்ததும் அந்தம்மா டீயை நீட்டிக்கொண்டே, "கேஜிஎஃப்பா? எந்த லைனு?" என்றார். என் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். எதற்குக் கேட்கிறார்? தங்கவயலில் எந்தச் சுரங்கக் குடியிருப்பு வரிசை, எந்த லைன் என்று சொன்னால் போதும், அம்மா காதுவரை போய்விடும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 17

போனேன். அந்தம்மா யாரிடமாவது எதையாவது சொல்கிறாரா என்று பார்க்கத்தான் போனேன். எட்டாவது நாள்.

ஜூலை 25, வெள்ளி

ஆபீசில் சம்பூர்ணம் என்னைத் தெரியாதவர் மாதிரியே நடந்துகொள்கிறார். மீட்டிங் விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்பது விதியாம். விதியை யார் மதிக்கிறார்கள்? இன்று, கேட்காமலே, என் மேஜையில் ஒரு எலுமிச்சை டீ வைத்துவிட்டுப் போனார். எனக்குத் தெரியும் என்கிறாரா? என்னதான் வேணும் அவங்களுக்கு?

ஆகஸ்ட் 1, வெள்ளி

என் டிராயர் திறந்து கிடந்தது. நானே திறந்து வைத்தேனோ என்னவோ, நினைவில்லை. ஆனால் ஹவுஸ்கீப்பிங் ஆட்களை மேற்பார்க்கும் ஃபெசிலிட்டி சுனிலிடம் போய், யாரோ குடைந்திருக்கிறார்கள், சம்பூர்ணம் மேல்தான் சந்தேகம், அவரை வேறு பில்டிங்குக்கு மாற்றிவிடுங்கள் என்றேன். ஒரு கேள்விகூடக் கேட்காமல் தலையாட்டினார்.

ஆகஸ்ட் 7

மீட்டிங்குக்கு சம்பூர்ணம் வரவில்லை. நிம்மதி.

ஆகஸ்ட் 14

இன்றும் வரவில்லை. டிரேவரிடம் விசாரித்தேன். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதை இங்கே யாரைப் பற்றியும் சொல்வதில்லை என்றார். அப்படியானால் என்னைப் பற்றியும் சொல்லமாட்டார்கள்தானே? சம்பூர்ணமும் சொல்லியிருக்க மாட்டாரோ? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

சாயங்காலம் பக்கத்து பில்டிங் லிஃப்டில் சம்பூர்ணம், கையில் வாளியோடு. புகார் வந்ததால் மாற்றிவிட்டார்களாம். ஷிஃப்ட் மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி பத்துவரை. மீட்டிங் ஆறரைக்கு. எப்படி வருவார்?

அவர் வாயில் கிராம்பு வாசம். அதற்கு அடியில் இருந்த வாசமும் வந்தது. எனக்குத் தெரியாததா? நான் மென்ற கிராம்பு கொஞ்சமா?

நாலு வருஷம். அய்யோ, நான் என்ன பண்ணிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மீட்டிங்குக்குப் போகவில்லை. சுனிலிடம் போனேன்.

"டிராயரை யாரும் தொடல, சுனில். எனக்குக் குடிப்பழக்கம். அது அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சோன்னு பயந்து பொய் சொன்னேன். பழைய ஷிஃப்டுக்கே மாத்திடுங்க."

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அதைச் சொல்ல மாட்டேன் என்றேன். கம்ப்யூட்டரில் அந்தப் புகாரைத் தேடி எடுத்தார்.

"இதை மெயில்ல போடுங்க மேடம். புகாரும் மெயில்லதான் போயிருக்கு."

மெயில் என்றால் என் மேனேஜருக்கும் நகல் போகும். ஒரு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அனுப்பிவிட்டேன். வரும் வழியில் ஒயின் ஷாப்பைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

டீம் லீட்: ஷ்ரேயாஸ். என் மெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார் மேனேஜர். நம்பணுமாம்.

செப்டம்பர் 4, வியாழன்

சம்பூர்ணம் வந்திருந்தார், பழைய ஷிஃப்டுக்கே மாற்றிவிட்டார்களாம். மீட்டிங் தொடங்குமுன் டீ வைத்திருக்கும் இடத்தில் அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். புகார் கொடுத்தது நான், நீங்கள் மறுபடி குடித்ததற்கும் நான்தான் காரணம் என்றேன். அழுதேன். அவர் அழவில்லை.

"திருடின்னு பட்டம் கட்டுனீங்களே, அது உங்களுது. குடிச்ச கை என்னுது. அதையும் நீங்க எடுத்துக்காதீங்க."

டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என்னைத் தாண்டிப் போய் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர் முறை வந்ததும் எழுந்து, "என் பேரு சம்பூர்ணம். ஆறாவது நாள்" என்றார்.

அடுத்தது நான். நாளைச் சொல்லாமல் உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. டிரேவர் காத்திருந்தார். ஐம்பத்தேழு என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன். அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.