பார்க்கில் பார்த்த பி.பி.

டாக்டர் வத்சலா அவர்களுக்கு,

காலையில் நீ வைத்த குழம்பு மிச்சம் இருக்கிறது. நேற்றைய சண்டை மாதிரி அதையும் இன்னொரு தடவை சூடாக்கினால் போதும். ஸ்கூட்டர் சாவி டிவி மேல்.

மூன்று மணிக்குப் பிரஸ்காரர் உன் மீதி நோட்டீஸ் கட்டோடு வருவார்: ‘டான்சானியாவில் பள்ளிக்கூடம் கட்டப் போகும் குழுவுக்கு நம் மல்லேஸ்வரம் டாக்டர். பயணச் செலவுக்குத் தாராளமாக உதவுங்கள்.’ உலகத்துக்கே வைத்தியம் பார்க்கப் போகிறவளுக்குக் கதவைத் திறக்க நேரமிருக்கும் என்று நம்புகிறேன்.

போகாதே என்று நான் சொல்லவே இல்லை. பெண்டாட்டி மூன்று மாதம் வெளிநாடு போவதை நோட்டீஸில் படித்தா தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டேன்.

கேசவன்

பி.கு.: ஞாயிறு காலை பார்க்கில் உண்டியல் வைத்து எல்லாருக்கும் பி.பி. பார்த்தாயே, அந்த வரிசையில் நானும் நின்றேன். குளிருக்கு மங்கி குல்லா, மஃப்ளர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையில் பட்டையைச் சுற்றினாய். நூற்றறுபதுக்கு நூறு. “உப்பு கம்மி மாடி, மனேலி ஹேளி” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாய்.

உப்பைக் குறைக்க வேண்டுமாம். வீட்டில் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டேன்.