மூன்று கை கேட்கும் செல்லோ

மார்ச் 3

இன்றைக்கும் இரண்டு வந்து சேர்ந்தாயிற்று. சோவியத் காலத்து இசைத்தட்டுகள், எல்லாம் குவார்டெட். இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் பெரிய வியோலா ஒன்று, முழங்காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கிற செல்லோ ஒன்று, நாலும் சேர்ந்து வாசிப்பது. பேர் போனவர்கள் எழுதியதை என் வீட்டுக்காரர் திரும்பியும் பார்க்க மாட்டார். யாருக்கும் தெரியாத ஆள், உறையில் யாருக்கும் படிக்க வராத எழுத்து, அதுதான் அவருக்கு வேண்டும். கேட்டால், குவார்டெட்டுக்கு நாலு பேரும் ஒரு அறையும் போதும், மேலிடத்தில் யாரையும் கேட்க வேண்டாம், அதனால்தான் அந்த ஆட்கள் மனசில் இருந்ததை இதில் கொட்டியிருக்கிறார்கள் என்பார். இருக்கட்டும். அறுபது தட்டையும் தூசி தட்டுவது யார்?

இதில் ஒன்று உண்மையிலேயே பிரமாதம். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

மார்ச் 5

ரெக்கார்ட் பிளேயரில் பெல்ட் வழுக்கியது. நாங்களும் குவார்டெட் வாசிக்கிற நால்வர்தான்: அக்கா முதல் வயலின், நான் வியோலா, என் வீட்டுக்காரர் செல்லோ, இரண்டாவது வயலின் மருந்துக்கடைக்காரர். மோட்டார் உருளையில் பிளாஸ்திரி சுற்றிப் பெல்ட்டை மாட்டிக் கொடுத்தார். எந்தக் கோளாறுக்கும் அந்த மனுஷனிடம் பிளாஸ்திரிதான். "இனிமே சும்மா பறக்கும் பாருங்க" என்றார்.

மார்ச் 9

அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள்: அந்தப் பிரமாதமான குவார்டெட்டை நாம் வாசிக்கப் போகிறோம். அச்சில் நோட்ஸ் எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் என்ன, தங்கச்சி தட்டைக் கேட்டு எழுதிவிடுவாளாம்! பகலெல்லாம் ஊரார் வாயைப் பார்க்கிற பல் டாக்டர் நான், சாயந்திரம் காதையும் கொடுக்க வேண்டும். முதல் வயலின் என்றால் மகாராணி என்று அவளுக்கு நினைப்பு.

என் வீட்டுக்காரர் உடனே சரி என்றார். அதுதான் பயமாக இருக்கிறது. போன வருஷம் படியில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்ததிலிருந்து செல்லோவைத் தொடவே இல்லை. கை சரியாகிவிட்டது என்று டாக்டர் சொல்லியும் நம்பவில்லை. "தெரிஞ்ச பாட்டுன்னா விரல் பழக்கத்துல ஓடிடும். புதுசுதான் கை இருக்கா போச்சான்னு சொல்லும்" என்றார். வரவில்லை என்றால் செல்லோவை விற்றுவிடுவாராம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 21

ஊசியைத் தூக்கி, வைத்து, தூக்கி, வைத்து... முதுகு விட்டுப்போகிறது. இது மேடையில் வாசித்தபோது பதிந்தது போலிருக்கிறது. மூன்றாம் பகுதி முடிந்ததும் நாலு பேரும் சுதி சேர்க்கிறார்கள், யாரோ இருமுகிறார்கள், நாற்காலி இழுபடுகிறது. அந்தக் கண்றாவியை எல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்காதே என்று அக்கா உத்தரவு. தாண்டி வைத்துவிடுகிறேன்.

மார்ச் 28

முடிந்தது. எழுதினவன் படு வில்லங்கமான ஆள். என் வியோலாவுக்கு ஒரு இடத்திலாவது விரல் வைக்காமல் வெறும் கம்பியை இழுக்க விடுகிறானா? இல்லை. நாலாம் பகுதியில் செல்லோ பாடு இன்னும் மோசம். தடிக்கம்பியில், வெறும் கம்பிக்கு அரைக்கட்டை மேலே, ஒரு விரலை அழுத்தி ஒரே சுரத்தைப் பக்கம் முழுக்க நிறுத்த வேண்டும். அதே நேரத்தில் பக்கத்துக் கம்பியில் மற்ற விரல்கள் கீழ்க்கோடி வரை ஓட வேண்டும். அந்த செல்லோக்காரனுக்கு என்ன மூணு கையா?

அவர் தாளைப் பார்த்தார். மேசை மேலேயே விரலை நீட்டி நீட்டி அளந்தார்.

ஏப்ரல் 6

ஒத்திகை நாசம். நாலாம் பகுதியில் அவர் மூன்று தரம் பாதியில் நின்றார். மூன்றாவது தரம் வில்லைக் கீழே வைத்துவிட்டார். அக்கா என் காதில் "பாவம், கை" என்றாள். அந்தப் பாவத்தை அவள் வாயிலிருந்து பிடுங்கலாம் போலிருந்தது. பிடுங்குவது என் தொழில்தானே.

ஏப்ரல் 7

விளம்பரம் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை செல்லோவைப் பார்க்க ஒருவர் வருகிறார்.

ஏப்ரல் 10

இதை எழுதும்போது எனக்கு கோபமா சந்தோஷமா, தெரியவில்லை.

அந்த மூணு கைக்காரன் எப்படித்தான் வாசித்துத் தொலைத்தான் என்று பார்க்கத் தட்டைப் போட்டேன். மடியில் வியோலா. ஊசியைத் தாண்டி வைக்க மறந்துவிட்டேன். அவர்கள் சுதி சேர்க்க, பழக்கதோஷத்தில் நானும் கம்பியை இழுத்தேன். சேரவில்லை. என் வியோலா சரியாகத்தான் இருக்கிறது, போனில் சுதி காட்டும் ஆப்பில் பார்த்துவிட்டேன். அவர்கள் வெறும் கம்பிதான் அரைக்கட்டை மேலே! ஒருத்தன் தப்பாச் சுதி சேர்ப்பான், நாலு பேருமா சேர்ப்பாங்க?

பிளாஸ்திரி! உருளை தடித்துப்போய் தட்டு வேகமாகச் சுற்றி, சுதியும் கூடவே ஏறியிருக்கிறது. பறக்கும்னு சொன்னாரே அந்த மகானுபாவர்! கடங்காரப் பிளாஸ்திரி! இத்தனை நாள் என் காதுக்கு என்ன கேடு வந்தது? பிய்த்துப் போட்டேன். பெல்ட்டை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி மாட்டினேன், பிடித்துக்கொண்டது. இப்போது சுதி சேர்கிறது. அந்தப் பக்கம் முழுக்க நிற்கிற சுரம் அரைக்கட்டை இறங்கி வெறும் தடிக்கம்பியாக நிற்கிறது. அதற்கு விரலே வேண்டாம்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "உங்க கை இல்லைங்க, இந்தப் பிளாஸ்திரி" என்றேன். "இன்னொரு தடவை போடு" என்றார். மூன்று தடவை போட்டேன். அப்புறம் செல்லோப் பெட்டியைத் திறந்தார். சுண்டுவிரல் இன்னும் மடங்க முரண்டு பிடிக்கிறது, இரண்டு இடத்தில் தடுக்கினார். ஆனால் நிற்கவில்லை. நான் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 11

நாலு பேர் நோட்ஸையும் அரைக்கட்டை இறக்கி முதலிலிருந்து எழுத வேண்டும். நான்தான். அக்கா போனில் "எனக்கு அப்பவே சந்தேகம்" என்கிறாள். மருந்துக்கடைக்காரரிடம் இதைவிட மெல்லிசாக வேறு பிளாஸ்திரி இருக்கிறதாம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

செல்லோ பார்க்க ஆள் வருவதை நானும் மறந்தேன், அவரும் மறந்தார். காலையிலிருந்து ஒரே நாலாம் பகுதி. மணி அடித்தது அவர் காதில் விழவே இல்லை. வந்தவர் வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் வாசிப்பைக் கேட்டார். "இந்த செல்லோதானா?" என்றார்.

"இல்லைங்க, விளம்பரத்துல தப்பா வந்துடுச்சு. விக்கிறது ரெக்கார்ட் பிளேயர். கொஞ்சம் வேகமா ஓடும், பரவாயில்லையா?"

வந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே தடிக்கம்பி இன்னும் ஓயவில்லை. இவர் சாப்பிடவாவது எழுந்து வருவாரா, மாட்டாரா?