இன்னும் பசியாறவில்லை

மார்ச் 4, செவ்வாய். இரவு.

தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் இன்று தியான வகுப்பு. பாயில் படுத்துக் கண்ணை மூடியிருந்தோம். வழிநடத்திய அக்கா மெதுவாகக் கேட்டார்: "மனசு ஆறிடுச்சா?"

பாதித் தூக்கத்தில் எனக்கு "பசியாறிட்டியா?" என்று காதில் விழுந்தது. என் தோழி தேவி மெல்பர்ன் போகும்வரை தினமும் காலையில் போனில் கேட்டது அதைத்தான்.

"இன்னும் இல்ல, தேவி," என்றேன். சத்தமாக.

எல்லாப் பாயிலும் சிரிப்பு. "யாரு தம்பி தேவி? அடுத்த வாரம் கூட்டிட்டு வா லா," என்றார் அக்கா.

நானும் சிரித்தேன். ஏழு மாதமாக அவளும் நானும் பேசவில்லை என்று அங்கே எப்படிச் சொல்வது.

"பசியாறிட்டியா?" என்று டைப் செய்து வைத்திருக்கிறேன். மெல்பர்னில் இப்போது நடுராத்திரி தாண்டியிருக்கும். விடிந்ததும் அனுப்பலாம். காலையில் கேட்கிற கேள்விதானே அது.