சிவப்புக்கு ஒரு விளக்கு

இல்லை, வெளிச்சம் போதாமல் அல்ல. வெளிச்சம் அறை நிறைய இருந்தது. சிவப்புத்தான் இல்லை.

அதற்காகத்தான் இந்த மேசை விளக்கு. நீ இருந்திருந்தால் பெட்டியைப் பிரிக்கும் முன்பே கேட்டிருப்பாய், இருக்கிற பல்புக்கு என்ன வருத்தம் என்று. என் சுட்டுவிரல் நுனியில் மருதோன்றி இன்னும் மணக்கிறது. நேற்றுப் பூசியது. உன் பழக்கம்.

பெருநாள் இல்லாத காலத்திலும் உன் ஒரு விரல் மட்டும் சிவந்திருக்கும். கல்முனையில் எந்த நூல் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் அந்த விரலைத்தான் வெளிச்சத்தில் நீட்டுவாய். செம்மஞ்சளாகத் தெரிந்தால் நூல் பார்ப்பாய். கறுத்துத் தெரிந்தால், "இந்தக் கடையில வெள்ள நூல் மட்டும் வாங்குவம் மச்சி" என்பாய். கடைக்காரருக்குக் கேட்கும்படியே சொல்வாய்.

அது எப்போது தொடங்கியது என்று நம் இருவருக்கும்தான் தெரியும்.

மருதமுனையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த கூறைச் சாறி மெரூன் நிறம். அதற்கேற்ற சட்டைக்கு நாம் பூ வேலை செய்ய வேண்டும். வாசலுக்குக் கொண்டுபோய் நிறம் பார்க்கிறோம் என்றோம். பெண்ணின் உம்மா விடவில்லை.

"பகல்ல வெளிய எடுக்காதீங்க புள்ளைகள். கண்ணூறு படும்."

கதவையும் ஜன்னலையும் சாத்தி, கட்டிலில் சாறியை விரித்து, பல்பைப் போட்டார். நான் ஒரு நூலை எடுத்து வைத்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது. நீ தயங்கினாய். "இதுதான்" என்றேன். "கெம்பஸ் படிச்ச புள்ள சொன்னாச் சரிதான்" என்று சிரித்தாய்.

கல்யாணத்துக்கு முதல் நாள், சட்டையைப் போட்டுப் பார்க்கும்போது யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். மெரூன் சட்டை. கை இரண்டிலும் மண்ணிறப் பூ.

"இதென்ன, சட்டி அடிப்புடிச்ச மாதிரிக் கிடக்கு?" பெண்ணின் மாமி.

நீ முன்னால் போனாய்.

"நான்தான் மாமி நூல் எடுத்தன். ஏசுறதெண்டா எனக்கு ஏசுங்க. ஏசி முடிஞ்சா ஒரு தேத்தண்ணி தாங்க, பிரிச்சுத் தைக்கிறம்."

அந்தப் பகல் முழுக்க, திறந்த ஜன்னலடியில் இருந்து பிரித்துத் தைத்தோம். திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"பொய் சொன்னது பல்பு. நமக்குள்ள ஆரு எண்டு என்னத்துக்கு?"

நான் ஒருவருக்கும் உண்மையைச் சொல்லவில்லை. நீ மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும்.

இப்போது உன் தங்கையின் சட்டையும் உன் நூல் பெட்டியும் என் மேசையில். ஏழு பூவில் மூன்றை நீ முடித்திருந்தாய். வேறு சட்டை தைப்போம் என்று உன் உம்மா சொல்லிப் பார்த்தார். அக்கா தைத்ததைத் தங்கை விடவில்லை.

"ராத்தா தொடங்கினதத்தான் உடுப்பன். நீங்க முடிங்க. ஏலாட்டி அரைவாசியோட உடுப்பன்."

அவள் கல்யாணம் அடுத்த மாதம். உன் சிவப்பு உன் பெட்டியிலும் கிடைக்கவில்லை. ஒன்பது சிவப்பு வாங்கிவந்து பல்பின் கீழ் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. சட்டையை வெளியே எடுக்கவும் முடியாது. உன் உம்மாவுக்கும் கண்ணூறு என்றால் பயம். என் ஜன்னலுக்கு நேரே அடுத்த வீட்டு மதில். மாரிக் காலம் வேறு, வானம் இருண்டு கிடந்தது.

விரலில் மருதோன்றியோடு விளக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்கு அண்ணன் வயது.

"வெளிச்சம் கூடினது வேணுமா தங்கச்சி?"

"கூட வேணாம் காக்கா. சிவப்பச் சரியாக் காட்டணும்."

"அதுக்கு ரோட்டுச் சந்தியிலதான் லைட் இரிக்கு." தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் அசையவில்லை. வாசித்துவிட்டுத்தான் போயிருந்தேன். வாட்ஸ் எவ்வளவு மின்சாரம் என்று சொல்லும். கெல்வின், வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்று சொல்லும். நிறம் உண்மையாகத் தெரியுமா என்பதைச் சொல்வது இன்னோர் எண், சி.ஆர்.ஐ. நூறை நெருங்க நெருங்க நல்லது. எண்பது சோறு தின்னப் போதும், நூலுக்குப் போதாது. அந்த எண்ணிலும் ஒரு கள்ளம். வெளிறிய நிறங்களை வைத்து எடுத்த சராசரி அது. கடும் சிவப்பு அதில் சேராது. சிவப்புக்குத் தனி எண், ஆர் ஒன்பது. பெரும்பாலான பெட்டிகளில் அதை எழுதவே மாட்டார்கள்.

எழுதாவிட்டால் என்ன. விரல் இருந்தது.

முதல் விளக்கில் விரல் கறுத்தது. இரண்டாவதில் செத்த மண்ணிறம். மூன்றாவது, சி.ஆர்.ஐ. தொண்ணூற்றைந்து என்று போட்டது. அதன் கீழ் விரல், உச்சி வெயிலில் முற்றத்தில் நின்றதுபோல் சிவந்தது. அதையே எடுத்தேன். கடைக்காரக் காக்கா என் விரலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

இன்று காலை அறைப் பல்பை அணைத்தேன். இந்த விளக்கைப் போட்டு, உன் மூன்றாவது பூவை அதன் கீழ் இழுத்தேன்.

ஒரே சிவப்பு அல்ல. இரண்டு இழை. ஒன்று கொதிக்கும் சிவப்பு. மற்றது மண்ணிறம். இரண்டையும் ஒரே ஊசியில் கோத்திருக்கிறாய். அதனால்தான் எந்தக் கடைச் சிவப்பும் ஒட்டவில்லை.

கொதிக்கும் சிவப்பு, நான் வாங்கிவந்த ஒன்பதில் ஒன்று. அந்த மண்ணிறமும் எனக்குத் தெரியும். உன் நூல் பெட்டியின் அடியில் தேடினேன். இருந்தது, பாதி தீர்ந்த உருளை. மருதமுனைக்கு நான் எடுத்த நூல். நான் எறிந்திருப்பேன். நீ வைத்திருந்து, உன் தங்கையின் பூவுக்கு ஆழம் கொடுத்திருக்கிறாய்.

சட்டை பார்க்க வந்த உன் தங்கை வாசலில் எட்டிப் பார்த்தாள். "ராத்தாட சிவப்புக் கிடைச்சிட்டா?"

"ஓம். பாதி அவட. பாதி என்ட."

அவளுக்கு விளங்கவில்லை. கதிரையை இழுத்து இருக்கச் சொன்னேன். மருதமுனைக் கதையைச் சொன்னேன், நூல் எடுத்தது யாரென்றும்.

"அப்ப ராத்தா சும்மாவா ஏச்சு வாங்கின?"

"ஓம். தேத்தண்ணியும் வாங்கினா."

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். நான் இரண்டு இழைகளையும் ஊசியில் கோத்து, நான்காவது பூவைத் தொடங்கினேன்.