தட்டை நகர்த்தினார், இரண்டு முறை

அன்பான அப்பா,

கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்கவேண்டும் என்று கை பழகிவிட்டது. அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் இன்றைக்கு அதைத் தேடாதீர்கள். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. ஏழு மாதம் உங்களுக்காக அழுதேன். இந்த ஒரு மாதமாக உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏற்றுகிறேன்.

காரணம் உங்கள் நோட்டு.

ஞானதுரை மாமாதான் அதைக் கேட்டு வந்தார். போடி பஜாரில் அவருடைய பாத்திரக்கடையின் பின்கட்டில்தானே ஞாயிறு மத்தியானம் உங்கள் ஆட்டம்? அவர் சர்ச் முடிந்து வந்து ஷட்டரைப் பாதி தூக்குவார், நீங்கள் நாலைந்து பேர் குனிந்து உள்ளே போவீர்கள். அந்த மனுசர் நம் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, கொடுத்த காப்பியைக்கூடத் தொடாமல் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆத்தா, உங்க அப்பா ஒரு நோட்டு வச்சிருந்தாக. ஆடிட்டு வீட்டுக்கு வந்து எங்க ஒவ்வொருத்தரப் பத்தியும் எழுதுவாகன்னு ஒரு பேச்சு. என் பக்கத்த மட்டும் பாத்துட்டுக் குடுத்துர்றேன்."

பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்தது. கோடு போட்ட பெரிய நோட்டு. முதல் பக்கத்தில் உங்கள் குண்டுகுண்டான கையெழுத்தில் ஒரே ஒரு வரி: "கண்டதைச் சொல்லிவிட்டால் கண்டது வீண்." அப்புறம் ஆளுக்கொரு பக்கம். மாமாவின் பக்கத்தை நானே வாசித்துக் காட்டினேன். "ஞானதுரை: நல்ல சீட்டு வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சுமாரான சீட்டு என்றால் மாட்டியபடியே ஆடுவார்."

மாமாவின் கை அப்போது கண்ணாடியில்தான் இருந்தது. வெடுக்கென்று கீழே இறக்கினார். "அடப்பாவி மனுசா! இத வச்சிக்கிட்டா இத்தன வருசமா என்னைய உரிச்சாக? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க துடைக்கிறத நிறுத்தியிருப்பீகளே மாமா" என்றேன். அவர் சிரித்தார், கண் கலங்கிவிட்டது. நானும் சிரித்தேன். அப்பா, உங்களுக்கு நான் பரிந்து பேசியது அதுதான் கடைசி.

எனக்குத் தெரியும், நீங்கள் காசு வைத்து ஆடியவர் இல்லை. ஏலக்காய்த் தரகு பார்க்க மலைக்குப் போய்வந்த காலத்தில், குமுளிப் பக்கம் ஒரு எஸ்டேட்காரரிடம் போக்கர் கற்றுக்கொண்டு வந்தீர்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி ஏலக்காய், அதுதான் பந்தயம். கையில் நல்ல சீட்டு இருந்தாலும் ஏற்றலாம், ஒன்றுமே இல்லாமலும் முகத்தைக் கெட்டியாக வைத்துக்கொண்டு ஏற்றலாம். எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்துவிட்டால் பொய்க்கே ஜெயம். அதனால் சீட்டைப் பார்ப்பதைவிட ஆளைப் பார்க்கவேண்டும் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்வீர்கள். ஜெயித்த ஏலக்காயைச் சட்டைப்பையில் கொண்டுவந்து சமையலறை டப்பாவில் கொட்டுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் சட்டைக்கென்று ஒரு வாசம் உண்டு. எனக்குப் பிடித்த வாசம் அது.

மாமா போனபிறகு சும்மா புரட்டினேன். கம்பத்து மாமாவின் பக்கம் வந்தது. உங்கள் மேசைக்கு ஒரு வருசம்போல வந்து ஆடியவர். என் மாமனார். மாமனாராக இருந்தவர்.

"கம்பத்துக்காரர்: கையில் சீட்டு இருந்தால் பேச்சு குறையும். ஒன்றுமில்லாமல் ஏற்றும்போது உபசாரம் கூடும். மிக்சர் தட்டை எதிராளி பக்கம் நகர்த்தி, எடுத்துக்கங்க எடுத்துக்கங்க என்பார். இதுவரை தவறியதில்லை."

இதைப் படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரிக்குப் போனேன்.

"வெள்ளி. பெண் பார்க்க வந்தார்கள். கொச்சி பற்றிக் கேட்டேன். தட்டை நகர்த்தினார், இரண்டு முறை. பார்க்கலாம்."

அப்பா, அந்த வெள்ளிக்கிழமை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து பஜ்ஜியும் கேசரியும் வைத்திருந்தோம். கொச்சியில் வேலை பார்த்த மாப்பிள்ளையிடம் நீங்கள் கேட்டீர்கள், "கல்யாணம் முடிஞ்சதும் இவளையும் கொச்சிக்குக் கூட்டிட்டுப் போயிருவீகளா தம்பி?" அவர் வாயைத் திறப்பதற்குள் கம்பத்து மாமா நம் வீட்டுப் பஜ்ஜித் தட்டை உங்கள் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கங்க சம்பந்தி, ஆறிப்போகுது."

"பாத்தீகளா, அதுக்குள்ள உரிமை வந்துருச்சு!" என்று அவர் சம்சாரம் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் கேட்டீர்கள், "அங்கன வீடு கீடு பாத்தாச்சா?" மறுபடியும் தட்டு நகர்ந்தது. "ஒண்ணுதான எடுத்தீக, இன்னொண்ணு எடுத்துக்கங்க."

வீடு பார்த்தாகிவிட்டதுதான் அப்பா. அந்த வீட்டில் ஒரு பெண்ணும் இருந்தாள், ஒரு குழந்தையும் இருந்தது.

கம்பத்தில் மாமியார் வீட்டில் பதினோரு மாதம் இருந்தேன். கொச்சிக்கு இந்த மாதம், அடுத்த மாதம் என்று நாள் தள்ளிக்கொண்டே போனது. ஒருநாள் காலையில் அவருக்குப் போன் போட்டேன். ஒரு சின்னப் பெண் எடுத்தாள். "அச்சன் குளிக்குவா" என்றாள். அப்பா குளிக்கிறாராம். நம் பக்கத்தில் இந்த அளவு மலையாளம் யாருக்குத் தெரியாது? போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன். எனக்கு முன்னாலேயே அங்கே அவருக்கு ரிஜிஸ்டர் கல்யாணம் ஆகியிருந்தது. வக்கீல் சொன்னார், சட்டப்படி எனக்குக் கல்யாணமே ஆகவில்லையாம். சட்டத்துக்கு நான் கல்யாணமாகாதவள், ஊருக்கு வாழாவெட்டி. இரண்டில் எது என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள். "நமக்கு எப்படி ஆத்தா தெரியும்? முகத்துல எழுதியா ஒட்டியிருக்கு?"

எழுதித்தான் ஒட்டியிருந்தது அப்பா. நீங்கள் அதை வாசித்து, நோட்டில் நகல் வேறு எடுத்து வைத்திருந்தீர்கள். பாவம் அப்பாவுக்குத் தெரியாதே, தெரிந்திருந்தால் விட்டிருப்பாரா என்று உங்கள் மடியில் விழுந்து அழுதேனே. அந்த நேரத்தில் உங்கள் கை என் தலையில் எப்படி இருந்தது? நடுங்கியதா? உங்களுக்கென்று யாராவது ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் நானும் கண்டுபிடித்திருப்பேன்.

இதோடு விட்டிருந்தால்கூட, மனுசர் அசந்துவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். விடவில்லையே. அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வந்த ஞாயிறுகளிலும் எழுதியிருக்கிறீர்கள். "தட்டை நகர்த்தினார். காட்டுங்க என்றேன். ஒன்றுமில்லை. ஜெயித்தேன்." அடுத்த ஞாயிறும் அதே. பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாரமும் அதே. அந்தத் தட்டு பொய் பேசுகிறது என்று வாராவாரம் சோதித்து, வாராவாரம் சரிதான் என்று தெரிந்துகொண்டு, அதை வைத்து ஒரு கைப்பிடி ஏலக்காய் ஜெயித்து வந்திருக்கிறீர்கள்.

அவரிடம் கேட்டிருந்தால், தட்டை நகர்த்துவதை நிறுத்தியிருப்பார். அதுதானே? கண்டதைச் சொன்னால் கண்டது வீண். பெற்ற பெண்ணைவிட அந்தத் தட்டு பெரிதாகிவிட்டதா உங்களுக்கு?

அந்த ஏலக்காயைத்தான் அம்மா தட்டி என் கல்யாணத்துப் பாயசத்தில் போட்டாள். "மணக்குதுல்ல?" என்று கேட்டு எனக்கு இரண்டு தடவை ஊற்றினீர்கள். நானும் மணக்குது என்று சொல்லிக் குடித்தேன்.

"பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, என்னத்தைப் பார்க்கலாம் என்று? மேசையில் நீங்கள் அப்படிச் சொல்லிவிட்டு இன்னொரு சுற்று விடுவீர்கள், சீட்டு திரும்பும்வரை பொறுப்பீர்கள். சரி, உங்கள் கையில் இருந்த சீட்டை வைத்துப் பொறுங்கள். நான் உங்கள் கையில் இருந்த சீட்டா? ஒருவேளை கல்யாணத்துக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தீர்களா? வெற்றிலை மாற்றிவிட்டு விலகினால் ஊர் சிரிக்கும் என்று பயந்தீர்களா? பயந்தேன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே. எதிராளியின் பயத்தையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய மனுசர்தானே நீங்கள்.

என் பெயரில் பக்கம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அவர்கள் போனபிறகு "ஒனக்குப் பிடிச்சிருக்கா?" என்று நீங்கள் கேட்டபோது நான் கேசரிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். "உங்க இஷ்டம்ப்பா" என்றேன். கழுவிய கிண்ணத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன் அப்பா. பஜாரில் இருக்கிற அத்தனை பேர் கையையும் கண்ணையும் பார்த்தவர், பின்கட்டில் நின்ற என்னை ஏன் ஒரு தடவை உற்றுப் பார்க்கவில்லை?

நான் திரும்பி வந்த வாரத்தோடு உங்கள் எழுத்து நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நோட்டு முழுக்க வெறும் பக்கம். ஆட்டத்துக்கும் போகவில்லை, முழங்கால் வலி என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு உட்கார்ந்து டிவி பார்த்தீர்கள். பின்னொரு நாள் இதைச் சொன்னபோது ஞானதுரை மாமா, "அதுதான் ஆத்தா அவரு கேட்ட மன்னிப்பு" என்றார். வாயால் கேட்காததை வெறும் பக்கத்திலிருந்து நான் எடுத்துக்கொள்ளவேண்டுமாம். மாட்டேன் அப்பா. மூன்று வருசம் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்றைக்குச் சண்டை போட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, மூன்றாம் நாள் மன்னித்திருப்பேன். அந்தச் சண்டையைக்கூட எனக்கு நீங்கள் தரவில்லை.

இப்போது வீட்டு விசயத்துக்கு வருகிறேன். நான் தேனியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகிறேன். வருகிறவர்களை உட்காரவைத்து, எந்த எழுத்து வரைக்கும் தெரிகிறது என்று கேட்பது என் வேலை. தெரியாததைத் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். "மறைக்காதீங்க, ஒங்க கண்ணுதான கெடும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.

நம் சின்னவள் தேன்மொழியைப் பெண் பார்க்க நாளைக்கு வருகிறார்கள். பழனிசெட்டிபட்டி. பையன் வங்கியில் வேலை என்கிறார்கள். 'என்கிறார்கள்' என்றுதான் எனக்கு எழுத வருகிறது. போன வாரம் அம்மா மெதுவாக என்னிடம் சொன்னாள். "நீ அன்னைக்கு மாடியில இரு ஆத்தா. வந்தவுக ஏதாச்சும் கேட்டா, நல்ல நேரத்துல எதுக்கு அந்தப் பேச்சு?"

நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அம்மா கையில் கொடுத்தேன். கொடுத்திருக்கக்கூடாதோ என்று பிறகு தோன்றியது. செத்துப்போன மனுசரை அவர் பெண்டாட்டியிடமே காட்டிக்கொடுப்பதா என்று. ஆனால் சொல்லாமல் வைத்திருந்தால் நானும் உங்களைப்போலத்தானே?

அம்மா விரலை வைத்து வரிவரியாக வாசித்தாள். பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாரத்துக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. தேன்மொழி பின்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அப்பா இருந்திருந்தா எனக்கும் இப்படித்தான் செஞ்சிருப்பாகளா?" என்று கேட்டாள்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். நீங்கள் கொட்டி வைத்த ஏலக்காய் டப்பாவின் அடியில் இன்னும் கொஞ்சம் கிடந்தது, வெளுத்துப்போய். அதை வாசலுக்குக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். திரும்பி வந்து உங்கள் சாய்வு நாற்காலியை மாடிப்படிக்கு அடியிலிருந்து இழுத்து, துடைத்து, கூடத்தில் வருகிறவர்களுக்கு எதிரில் போட்டாள். "அன்னைக்கு நீ இங்கன உக்காரு" என்றாள்.

உங்கள் மேல் பிரியம் போய்விட்டிருந்தால் இந்தக் கோபம் எனக்கு இத்தனை பாரமாக இருக்காது அப்பா. உங்கள் பழைய சட்டை ஒன்றை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறேன். நேற்றுகூட எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஆத்திரத்தோடு உள்ளே எறிந்தேன்.

நாளைக்கு உங்கள் நாற்காலியில் நான் உட்காருவேன். கையில் நோட்டு இருக்காது. தட்டு நகர்ந்தால் அந்த இடத்திலேயே கேட்பேன், "ஏன் தட்ட நகத்துறீக?" என்று. நகராவிட்டாலும் கேட்கவேண்டியதைக் கேட்பேன். சம்பந்தம் முறிந்தால் முறியட்டும், வாயாடி என்று பெயர் வந்தால் வரட்டும். வந்தவர்கள் போனபிறகு தேன்மொழியின் கையைப் பிடித்து, பிடித்திருக்கிறதா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்பேன். கண்டதைக் கண்ட இடத்தில் சொல்லுவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டில் பக்கம் இல்லாத உங்கள் மூத்த மகள்,
செல்வி